கனடாவில் கஞ்சா லைசன்ஸ் தொழிலுக்கு வெலிமடைக் காணியை விற்கலாமா?

வெலிமடைக் குடில்:

வணக்கம். வெலிமடைப் பக்கம் இரண்டு பொலித்தீன் குடில் போட்டு பெல் பெப்பரும் சலாதும் செய்து வருகிறேன். காணி அப்பாவின் பெயரில் இருக்கிறது. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த ஈ.பி.எஃப். பணத்தோடு அம்மாவின் நகையையும் சேர்த்து வாங்கினார். எங்கள் பரம்பரையில் சொந்தம் என்று வந்த முதல் மண் அதுதான்.

அக்காவும் மச்சானும் ஒன்டாரியோவில் இருக்கிறார்கள். அங்கே 2018 ஒக்டோபரிலிருந்து ஒரு வீட்டுக்கு நாலு கஞ்சாச் செடி சட்டப்படி வளர்க்கலாம். மச்சான் வீட்டின் கீழ்த்தளத்தில் விளக்குப் போட்டு வளர்க்கிறார். அவர் நல்ல கைராசிக்காரர், ஊரில் இருந்தபோது வீட்டுத் தோட்டத்தில் அவர் வைத்த எதுவும் பட்டுப்போனதில்லை. கடையில் வாங்குவதைவிட இவருடையது நல்லது என்று கூட்டாளிகள் சொல்லிச் சொல்லி, இப்போது சிறு வளர்ப்பு லைசன்ஸ் எடுத்துத் தொழிலாகவே செய்ய வேண்டும் என்று நிற்கிறார். வெலிமடைக் காணியை விற்று, அந்தப் பணத்தைத் தன் தொழிலில் பங்காகப் போடும்படி அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அப்பா முடிவை என்னிடம் விட்டுவிட்டார்.

மச்சான் ஏமாற்றுகிற ஆள் இல்லை. எங்களுக்கும் நல்லது நடக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார். வீட்டில் நாலு செடி வளர்த்தவர் தொழிலுக்குப் போனால் எங்கே சிக்குவார்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். காணியை விற்காமல் இங்கேயே இதைச் செய்ய வழி இருக்கிறதா?

ஊவாக்காரி:

நான் நொத்தாரிசு ஒருவரிடம் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். இங்குள்ள விஷயத்தை மட்டும் சொல்கிறேன், கனடாவை அங்குள்ளவர்கள் சொல்லட்டும்.

இங்கே உங்கள் குடிலில் ஒரு செடிகூட வைக்க முடியாது. 1929ஆம் ஆண்டின் நச்சுப்பொருட்கள், அபினி, அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. 2022 நவம்பரில் வரவுசெலவுத் திட்ட உரையில் ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதை ஆராய்வதாகச் சொன்னார்கள். 2025இல் முதலீட்டுச் சபையின் கீழ் மீரிகமவில் 64 ஏக்கரில் 7 வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் குறைந்தது 50 லட்சம் அமெரிக்க டொலர் போட வேண்டும், விளைச்சல் முழுக்க ஏற்றுமதிக்கு. அந்த வாசல் நம்மைப் போன்ற சின்னக் காணிக்காரருக்குத் திறந்தது இல்லை. அப்புறம், மச்சான் ஆசைப்பட்டுக் கேட்டாலும் இங்கிருந்து விதை எதையும் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். இரண்டு நாட்டிலும் குற்றம்.

காணி உறுதிக்காணியா (சொந்த உரிமைப் பத்திரம் உள்ளது), பேர்மிட் காணியா (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது) என்று முதலில் பாருங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பேர்மிட் என்றால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்றவே முடியாது. உறுதியாகவே இருந்தாலும், விற்ற பணத்தை வங்கி வழியாக, வெளிநாட்டு முதலீட்டுக்கென்று உள்ள கணக்கில்தான் அனுப்ப வேண்டும். அதற்கு எல்லையும் உண்டு. வங்கிக்கு வெளியே உண்டியலில் அனுப்பினால், பணம் எங்கிருந்து வந்தது என்று அங்கே வங்கி கேட்கும்போது மச்சானால் ஒரு தாளும் காட்ட முடியாது.

நோர்வூட் டீமேக்கர்:

தம்பி, நான் நோர்வூட்டில் தேயிலை ஃபெக்டரியில் உதவி டீமேக்கராக இருந்தவன். இப்போது ஒன்டாரியோவில் லைசன்ஸ் பெற்ற கஞ்சா நிறுவனம் ஒன்றில் உலர்த்தும் பகுதியைப் பார்க்கிறேன். ஈரப்பதம் தெரிந்த ஆள் என்றுதான் வேலைக்கு எடுத்தார்கள். உங்கள் மச்சானைப் போல எத்தனையோ பேர் கண்ணில் கனவோடு வந்து பேசுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வளர்க்கத் தெரியாமல் விழுந்தவர்கள் குறைவு. விற்கிற இடத்தில்தான் விழுகிறார்கள். சிறு வளர்ப்பு லைசன்ஸ் எடுத்தவர் ஒரு கிராமைக்கூடப் பொட்டலம் போட்டுக் கடைக்குக் கொடுக்க முடியாது. பதப்படுத்தும் லைசன்ஸ் உள்ள நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுக்க வேண்டும். அவர்கள் பரிசோதித்து, பொட்டலம் போட்டு, ஒன்டாரியோவில் என்றால் ஒன்டாரியோ கனபிஸ் ஸ்டோர் என்ற அரசு மொத்த வியாபாரிக்கு விற்பார்கள். கடைகள் அங்கேதான் வாங்க வேண்டும். நம் ஊரில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் கொழுந்தைப் பறித்து லொறிக்காரனிடம் கொடுக்கிற மாதிரித்தான். தண்ணீருக்கு இவ்வளவு, முற்றின இலைக்கு இவ்வளவு என்று கழித்து ஃபெக்டரி சொல்வதுதான் விலை. கொழுந்து எவ்வளவு நல்லது என்று அவருக்குத் தெரியும், ஆனால் பேரம் பேச அவர் கையில் எதுவும் இல்லை. இதை மச்சானிடம் அப்படியே சொல்லுங்கள், மலையில் பிறந்தவருக்கு உடனே விளங்கும்.

இரண்டாவது, பணம் போகிற வரிசை. 2019 மே மாதத்திலிருந்து, கட்டடம் முழுக்கக் கட்டி முடித்த பிறகுதான் வளர்ப்பு லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கவே முடியும். சுவர், வேலி, பூட்டு, காற்றோட்டம், மின்சாரம் எல்லாம் முதலில். அதற்கும் முன்னால் அந்த ஊர் நகரசபையின் காணிப் பயன்பாட்டு விதி இடம் கொடுக்க வேண்டும். அயலவர் வாடை என்று முறையிட்டால் வடிகட்டிக்குத் தனிச் செலவு. லைசன்ஸ் கையில் வரும்வரை ஒரு சதம் வருமானம் இல்லை, வாடகையும் வட்டியும் மட்டும் ஓடும். வெலிமடைக் காணி கரைவது அந்த மாதங்களில்தான், அதுவும் ஒரு செடி முளைக்கும் முன்பே.

சிறு வளர்ப்பில் செடி வளர்க்கும் பரப்புக்கு முன்பு 200 சதுர மீட்டர்தான் எல்லை. 2025 மார்ச்சில் 800 ஆக்கினார்கள். மச்சான் இதைக் கேட்டுத்தான் உற்சாகமாகியிருப்பார் என்று நினைக்கிறேன். எல்லை கூடினால் மற்றவர்களின் விளைச்சலும் கூடும், விலையும் அதற்கேற்ற மாதிரித்தான் போகும். பெரியவர்களே தாங்கவில்லை. ஸ்மித்ஸ் ஃபோல்ஸ் என்ற ஊரில் பழைய ஹெர்ஷி சொக்லேட் ஃபெக்டரியை வாங்கி கெனபி குரோத் நிறுவனம் கஞ்சா வளர்த்தது. 2023இல் அதை மூடிவிட்டார்கள், கட்டடத்தை ஹெர்ஷியே திரும்ப வாங்கிக்கொண்டது.

வரி இன்னொரு கல். உலர்ந்த பூவுக்குக் கிராமுக்கு 1 டொலர், அல்லது விலையில் 10 சதவீதம், எது கூடவோ அது கலால் வரி. கிராம் 10 டொலருக்கு விற்கும் என்று எண்ணிப் போட்ட கணக்கு அது. இப்போது நிறுவனம் 3 டொலருக்குக் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு வரிக்குப் போய்விடுகிறது. பொட்டலம் போடுகிறவர்தான் அதைக் கட்டுகிறார், வளர்ப்பவர் இல்லை. ஆனால் அந்த இழப்பை வளர்ப்பவருக்குக் கொடுக்கிற விலையில்தான் கழித்துக்கொள்கிறார்கள்.

இனி செடி. நாலு செடி என்றால் தினமும் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்க்கலாம். பூச்சி வந்தால் நம் ஆட்கள் உடனே எடுப்பது வேப்பெண்ணெய். கனடாவில் கஞ்சாவுக்கு அடிக்கலாம் என்று பதிவான பட்டியலில் அது இல்லை. விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு தொகுதியும் பூச்சிக்கொல்லி எச்சம், பூஞ்சை, பக்டீரியா, பார உலோகம் எல்லாவற்றுக்கும் சோதிக்கப்படும். பதிவில்லாத மருந்தின் எச்சம் தெரிந்தால் முழுத் தொகுதியும் போச்சு.

நான் தினம் பார்ப்பது உலர்த்தும் அறை. பச்சைப் பூவின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 16, 17 பாகை வெப்பம், 60 சதவீத ஈரப்பதம், இரண்டு வாரத்துக்குக் கிட்ட மெதுவாகக் காய வேண்டும். அவசரப்பட்டால் வாசனை போய்ப் புல் நாற்றம் நிற்கும். தாமதித்தால் பூஞ்சை. சாம்பல் பூஞ்சை மோசமானது, வெளியே ஒன்றும் தெரியாது. பெரிய பூவில் ஒரு சின்ன இலை மட்டும் தனியாகப் பழுத்து நிற்கும். அதை இழுத்தால் தடையில்லாமல் கையோடு வரும். பூவைப் பிளந்தால் நடுத்தண்டைச் சுற்றிக் கபிலமாக, பஞ்சு மாதிரி. வீட்டில் என்றால் அந்தப் பூவை வெட்டி எறிந்துவிடலாம். இங்கே எறிவதற்கும் எடை போட்டு, காரணம் எழுதி, சாட்சி வைத்து அழிக்க வேண்டும். செடி எத்தனை, வெட்டியது எவ்வளவு, காய்ந்தது எவ்வளவு என்று மாதாமாதம் கணக்கு அனுப்ப வேண்டும். இந்த எழுத்து வேலையை யார் செய்வது என்று மச்சானிடம் கேளுங்கள். அக்கா என்று பதில் வந்தால், அக்காவின் சம்பளத்தையும் செலவில் சேருங்கள்.

மச்சானிடம் உண்மையான பலம் ஒன்றும் இருக்கிறது. லைசன்ஸ் கிடைக்கும்போது, ஏற்கெனவே வைத்திருக்கும் செடியையும் விதையையும் ஒரே ஒரு முறை அறிவித்து உள்ளே கொண்டுவர விடுகிறார்கள். அவர் பல வருடமாகத் தெரிந்தெடுத்த தாய்ச்செடி நல்லது என்றால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் கூட்டாளிகளிடம் ஒரு டொலர்கூட வாங்கக் கூடாது. பெரியவர்களுக்கு 30 கிராம் வரை சும்மா கொடுக்கலாம். விற்றால் 14 வருடம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது, லைசன்ஸுக்கு முன் ஆளின் பின்னணியைப் பார்த்துக் கொடுக்கிற பாதுகாப்பு அனுமதியும் கிடைக்காமல் போகலாம். அது கிடைக்காவிட்டால் லைசன்ஸ் பற்றிப் பேசவே வேண்டாம்.

காணியை விற்காதீர்கள், தம்பி. உங்கள் அப்பாவின் உழைப்பும் அம்மாவின் நகையும் அந்நிய ஊரில் சுவராகவும் குழாயாகவும் மாறி, பிறகு யாருக்கும் விற்க முடியாமல் நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் இல்லை.

வெலிமடைக் குடில்:

அண்ணா, மிக்க நன்றி. ஊவாக்காரி அக்காவுக்கும் நன்றி, காணி உறுதிதான், பார்த்துவிட்டேன். நேற்று இரவு மச்சானோடு பேசினேன். கொழுந்துக் கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், அப்பாவின் காணியைக் கேட்டிருக்கக் கூடாது என்று அவரே சொன்னார். ஆனால் ஆசையை விடவில்லை. காணி இல்லாமல் அவர் எதிலிருந்து தொடங்கலாம்? நாற்றுக்கென்று தனி லைசன்ஸ் இருக்கிறதாம், அது எப்படி?

நோர்வூட் டீமேக்கர்:

நாற்று லைசன்ஸ் இருக்கிறது. விதையும் இளஞ்செடியும் மற்ற லைசன்ஸ்காரருக்கு விற்கலாம். உலர்த்தும் தலையிடி இல்லை, இடமும் குறைவு. அவருடைய பலம் தாய்ச்செடி என்றால் எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் ஒரு நாற்றில் வைரஸோ பூச்சியோ போனால் வாங்கியவர் திரும்ப வரமாட்டார். சுத்தத்தில் பிடிவாதக்காரராக இருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் லைசன்ஸ் உள்ள இடம் ஒன்றில் வேலைக்குப் போகச் சொல்லுங்கள். அறுவடைக் காலத்தில் ஆள் எடுப்பார்கள், பூ வெட்டும் வேலையாக இருந்தாலும் சரி. நாற்று வைத்து, அறுத்து, காய வைத்து, சோதனைத் தாள் வரும்வரை ஒரு சுற்று முழுக்க உள்ளே நின்று பார்த்தால், நான் இங்கே எழுதியதெல்லாம் அவர் கைக்கே தெரிந்துவிடும். சம்பளமும் வரும்.

பிறகும் வளர்ப்புத்தான் வேண்டும் என்றால், ஒரு செங்கல் வைப்பதற்கு முன் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றோடு எழுத்தில் பேசட்டும். கிராமுக்கு என்ன விலை, சோதனைச் செலவு யாருடையது, சோதனையில் விழுந்த தொகுதியை யார் அழிப்பது, பணம் எத்தனை நாளில் வரும், விலை இறங்கினால் அந்தத் தாள் நிற்குமா என்று கேட்கட்டும். கடைசிக் கேள்விக்கு அவர்கள் தருகிற பதிலை எனக்கும் அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.