பிக்கப் வண்டியின் முதுகில் ஏறும் அந்தப் பொருளுக்குப் பெயர் என்ன?

க.மு. (திங்கள்)

அன்புள்ள குழுவினருக்கு,

பிக்கப் வண்டிக்கான கேம்பர் ஷெல்லைப் பொருத்தும் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். பக்கத்துக்குப் பத்து இடத்தில் இந்தச் சொல் வருகிறது; அப்படியே ஒலிபெயர்த்துத் தள்ள மனம் வரவில்லை.

பார்க்காதவர்களுக்காக: பிக்கப்பின் பின்னால் திறந்து கிடக்கும் சரக்குத் தொட்டியின் மேல் கவிழ்த்து வைக்கிற கூரை. ஃபைபர்கிளாஸிலோ அலுமினியத்திலோ செய்திருப்பார்கள். பக்கத்தில் சன்னல், பின்னால் மேல்நோக்கித் தூக்குகிற கண்ணாடிக் கதவு. தனியாகத் தரை கிடையாது, தொட்டிதான் தரை. சரக்கு நனையாது, மெத்தை விரித்து இரவில் தூங்கவும் செய்யலாம்.

இப்போதைக்கு 'முகாம் ஓடு' என்று போட்டிருக்கிறேன். எனக்கே சிரிப்பு வருகிறது.

இரா.

'முகாம்' அரபு மூலத்திலிருந்து வந்தது, அதை விடுங்கள். 'ஓடு' நல்ல சொல்தான். ஆமை சுமக்கிறது, நத்தை சுமக்கிறது, வண்டி சுமக்கக் கூடாதா? 'வண்டியோடு' என்று வைத்துக்கொள்ளலாமே.

க.மு.

அண்ணா, போட்டுப் பார்த்தேன். "வண்டியோடு வந்த திருகுகளைப் பயன்படுத்த வேண்டாம்." வண்டியுடன் வந்த திருகா, ஓட்டுடன் வந்த திருகா? படிக்கிறவர் இரண்டையும் தூக்கிப் போட்டுவிடுவார்.

புலவர் ஐயா

இதற்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையான சொல் நம்மிடம் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் உமணரின் உப்பு வண்டியைப் பாருங்கள்: "மாரிக் குன்றம் மழைசுமந் தன்ன / ஆரை வேய்ந்த அறைவாய்ச் சகடம்." மழைமேகத்தைச் சுமந்து நிற்கும் குன்று போல, கூரையைச் சுமந்து போகிறது வண்டி. ஷெல் ஏற்றிய பிக்கப்பின் படத்தை இப்போதுதான் பார்த்தேன். அச்சு அசல் அதே தோற்றம்! 'ஆரை' என்றே வைக்கலாம். இச்சொல்லின் வேர் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

வே.

எழுதுங்கள் ஐயா, காத்திருக்கிறோம். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் 'ஆரை' என்றால் வட்டத்தின் ஆரம். அதே பெயரில் ஒரு கீரை வேறு இருக்கிறது. சன்னல் மூலையின் வளைவை அளக்கும் இடத்தில் "ஆரையின் ஆரை" என்று வந்து நிற்கும்.

ம.

ஏழெட்டு ஆண்டாக ஒன்றை வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஆங்கிலத்திலேயே இதற்கு ஒரே பெயர் இல்லை. அமெரிக்காவில் கேம்பர் ஷெல், டாப்பர், கேப் என்று ஆளுக்கொன்று, ஆஸ்திரேலியாவில் கேனபி. ஆகவே 'ஷெல்'லுக்கு நேர்ச்சொல் தேடி மண்டையை உடைக்க வேண்டாம். பக்கத்தில் இன்னும் இரண்டு பொருள் இருப்பதைக் கவனியுங்கள். தொட்டியின் வாயைத் தட்டையாக மூடும் மூடி ஒன்று. படுக்கை, அடுப்போடு தொட்டிக்குள் இறக்குகிற குட்டி வீடு இன்னொன்று. 'கூடாரம்', 'மனை' என்று போனால் அந்தக் குட்டி வீட்டின் பெயரைத் திருடிவிடுவோம். வீடு போலத் தொனித்தால் ஓடும் வண்டியில் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிவிடுவார்கள். உள்ளே இருக்கையும் இல்லை, பெல்ட்டும் இல்லை. பின்கதவு திறந்திருந்தால் வண்டிக்குப் பின்னால் சுழலும் காற்று புகையை உள்ளே இழுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

அப்புறம், மொழிபெயர்ப்பு சறுக்கும் இடங்கள். 'பெட் லெங்த்' என்பது வண்டியின் நீளம் அல்ல, தொட்டியின் நீளம்: 5.5, 6.5, 8 அடி என்று வரும். நீளம் ஒத்துவந்தாலும் விளிம்பின் வடிவம் மாறினால் உட்காராது. மாடலும் ஆண்டும் கேட்பது அதற்குத்தான். பெரிய பிக்கப்புக்கான ஃபைபர்கிளாஸ் ஷெல் ஏறக்குறைய 70 முதல் 100 கிலோ இருக்கும். வண்டி சுமக்கக்கூடிய எடையில் இதையும் கழிக்க வேண்டும். பெரும்பாலும் துளை போடாமல் கவ்விகளால் விளிம்போடு இறுக்குவார்கள், நடுவில் நுரைப் பட்டை. பட்டை அமுங்கிவிடும், ஆகவே கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி இறுக்க வேண்டும். அமெரிக்காவில் 1994 மாடல் முதல் பிக்கப்புக்கு உயரத்தில் மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயம். ஷெல் அதை மறைப்பதால் ஷெல்லின் பின்பக்கம் தனியாக ஒன்று வைக்கிறார்கள். உள்ளே தூங்கினால் சன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் மூச்சின் ஈரம் கூரையில் கோத்து விடியற்காலையில் முகத்தில் சொட்டும். பட்டவன் சொல்கிறேன்.

செ.

வண்டி, மேலே ஒரு கூரை, உள்ளே படுத்துக்கொள்ள இடம். 'கூண்டு வண்டி' என்று இதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே! புதிதாக எதற்கு? பொருள் 'கூண்டு', வண்டி 'கூண்டு போட்ட பிக்கப்'. "கூண்டை இறக்க நான்கு பேர் வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் தடுக்கவில்லை.

இரா.

'பிக்கப்' மட்டும் எதற்கு? 'பொதியுந்து' என்க.

செ.

அண்ணா, ஒரு வாரத்தில் ஒரு சண்டை போதும். தார்ப்பாயைத் 'தார்ப்பாய்' என்கிறோமே, அது எந்த ஊர்ச் சொல் என்று யாராவது கேட்கிறோமா? பாய் என்று முடிவதால் நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது.

புலவர் ஐயா

கூண்டு கிளிக்கும் புலிக்கும் உரியது. நீதிமன்றத்தில் சாட்சிக்கும் உரியது. ஆரை வேண்டாமெனில் 'கவிகை' கொள்க. "கவிகைக்கீழ்த் தங்கும் உலகு" என்பது குறள்.

க.மு.

ஐயா, கவிகை குடையாயிற்றே. என் கைப்பேசி வேறு அதைக் 'கவிதை' என்றே திருத்துகிறது. "கவிதையைக் கவ்விகளால் இறுக்கவும்."

ம.

கூண்டு எனக்குச் சரிதான். ஒரே உறுத்தல்: கூண்டு வண்டியில் ஆள் உட்கார்ந்து போவார்களே? நான் அஞ்சியதே அதற்குத்தான்.

க.மு. (வியாழன் இரவு)

கூண்டுக்கு ஐந்து பேர், கவிகைக்கு இருவர், ஆரைக்கு ஒருவர். நாளை அனுப்பியாக வேண்டும், கூண்டு என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'கேம்பர் ஷெல் எனப்படும் கூண்டு'. ம. அண்ணாவின் உறுத்தலுக்காக எச்சரிக்கையை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். "வண்டி ஓடும்போது கவிகைக்குள் யாரும் இருக்கக் கூடாது" என்றால் அழைப்பிதழ் போல இருக்கிறது. "கூண்டுக்குள்" என்றால் யாருக்கும் ஏறத் தோன்றாது.

புலவர் ஐயா

என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்க. கூண்டு என்றதும் எனக்குக் கோழிதான் நினைவுக்கு வருகிறது.

செ.

ஐயா, நீங்கள் காட்டிய அதே சகடத்தில், இரண்டே அடி தள்ளி, "கோழி சேக்கும் கூடுடைப் புதவின்" என்று வருகிறதே!

புலவர் ஐயா

அது கூடு. கூண்டு அன்று.