செயற்கைக்கோள் படங்களை அரசே எடுக்க வேண்டுமா, வாங்கினால் போதுமா?

கோளப்பாதை எழுதியது:

புவியை ரேடாரால் படமெடுக்கும் நிசார் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டபோது எல்லோரையும் போல நானும் மகிழ்ந்தேன். ஆனால் நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து அதற்குச் செலவிட்ட தொகை ஏறத்தாழ 150 கோடி டாலர் என்பதை நினைக்கும்போது, அரசுகள் இன்னும் எத்தனை காலம் தாமே செயற்கைக்கோள் செய்து புவியைப் படமெடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற கேள்வியும் எழுகிறது. அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2017 பிப்ரவரி 15 அன்று பி.எஸ்.எல்.வி.-சி37 ராக்கெட் சுமந்து சென்ற 104 செயற்கைக்கோள்களில் 88, பிளானட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ‘டவ்’ வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றும் சுமார் 5 கிலோ எடைதான். இவ்வகைச் சிறு கோள்கள் உலகின் நிலப்பரப்பை ஏறக்குறைய நாள்தோறும் 3 மீட்டர் அளவிலான பிரிதிறனில் (அதாவது படத்தின் ஒரு புள்ளி நிலத்தில் 3 மீட்டர்) படமெடுக்கின்றன. அமெரிக்க அரசின் லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்தே ஓரிடத்துக்கு 8 நாளுக்கு ஒருமுறைதான் வருகின்றன. அவற்றின் பிரிதிறனும் 30 மீட்டர். இனி அரசுகள் படத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு, மிச்சமாகும் பணத்தை அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்குச் செலவிடலாம் என்பது என் கருத்து.

பழையபதிவு எழுதியது:

நண்பர் காட்டும் வழியில் அமெரிக்கா ஒருமுறை நடந்து பார்த்தாயிற்று. லேண்ட்சாட் 1 ஏவப்பட்டது 1972 ஜூலை 23 அன்று. அதில் முதன்மைக் கருவியாகக் கருதப்பட்டது தொலைக்காட்சி வகைக் கேமரா. வர்ஜீனியா நார்வுட் என்ற பொறியாளர் வடிவமைத்த, ஒளியைப் பல நிறப்பட்டைகளாகப் பிரித்து அளக்கும் பல்பட்டை வருடி இரண்டாம் இடத்தில்தான் இருந்தது. கேமரா விரைவிலேயே முடங்கிவிட, வருடிதான் உலகுக்குப் படம் தந்தது. (கண்ணால் காணும் படத்தைவிட அளந்து தரும் எண்ணே ஆய்வுக்கு உதவும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.) பிறகு 1984ஆம் ஆண்டின் வணிகமயச் சட்டத்தைத் தொடர்ந்து, லேண்ட்சாட்டை இயக்கும் பொறுப்பும் படங்களை விற்கும் உரிமையும் இயோசாட் என்ற நிறுவனத்துக்குப் போயின. ஒரு படத்தின் விலை 4,400 டாலர் வரை ஏறியது.

விலையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வாங்க ஆள் இருக்கும் இடங்களையே பெரும்பாலும் படமெடுத்தார்கள் என்பதுதான் ஆறாத வடு. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல பகுதிகளுக்கு 1980களின் பிற்பகுதியில் படம் மிகக் குறைவாகவே இருக்கிறது. அன்று எடுக்காத படத்தை இன்று எந்த விலை கொடுத்தும் எடுக்க முடியாது. 1989இல் பணமில்லை என்று செயற்கைக்கோள்களையே அணைத்துவிடும் நிலை வந்து, கடைசி நேரத்தில் தப்பின. 1992இல் வேறொரு சட்டம் இயற்றி அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. 2008இல் படங்களை எல்லோருக்கும் இலவசமாக்கியது. 2013இல் வெளிவந்த உலகக் காடுகளின் மாற்ற வரைபடம் 6,54,178 லேண்ட்சாட் படங்களைக் கொண்டு செய்யப்பட்டது. பழைய விலையில் அதற்கு எத்தனை கோடி டாலர் ஆகியிருக்கும் என்று நண்பரே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

கோளப்பாதை எழுதியது:

இயோசாட்டின் கதையைத் தனியார் துறையின் தோல்வியாகக் காட்டுவது நியாயமன்று. அரசு செய்த கோளை, போட்டியே இல்லாமல், ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். தருவதாகச் சொன்ன மானியத்தையும் ஒழுங்காகத் தரவில்லை. அது பாதிக் கிணறு தாண்டிய தனியார்மயம். இன்றோ டவ் கோள்கள் நிலத்தின் மேல் பறக்கும்போதெல்லாம் படமெடுத்துக்கொண்டே இருப்பதால், வாங்க ஆளில்லாத இடம் பதிவாகாமல் போகும் என்ற வாதம் இவற்றுக்குப் பொருந்தாது. இலவசம் வேண்டுமானால் அதற்கும் வழி இருக்கிறது: நார்வே அரசு 2020இல் பணம் கொடுத்து, வெப்பமண்டலக் காடுகளின் பிளானட் படங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது. நார்வே அதற்காகக் கோள் எதையும் ஏவவில்லை.

பழையபதிவு எழுதியது:

படம் பதிவாகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் புள்ளியில் என் வாதம் பலவீனமானதுதான். ஆனால் 20 ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிடும்போது, தெரியும் வேறுபாடு நிலத்தில் ஏற்பட்டதா கருவியில் ஏற்பட்டதா என்று பிரித்தறிய முடிய வேண்டும். லேண்ட்சாட் 9 ஏவப்பட்ட பிறகு, 2021 நவம்பரில் அதை லேண்ட்சாட் 8க்குக் கீழே சில நாள் பறக்கவிட்டு, இரண்டும் ஒரே நிலத்தை ஒரே நேரத்தில் பார்க்கச் செய்து அளவீடுகளை ஒத்துப்பார்த்தார்கள். டவ் கோள்களோ தலைமுறைக்குத் தலைமுறை நிறப்பட்டைகளை மாற்றிக்கொண்டு வந்திருக்கின்றன. அவற்றின் அளவீட்டைச் சரிபார்க்க அந்த நிறுவனமே லேண்ட்சாட்டையும் ஐரோப்பாவின் சென்டினல் 2 செயற்கைக்கோள்களையும் துணைக்கொள்கிறது. எடைக்கல்லை விற்றுவிட்டுத் தராசை மட்டும் வாங்கச் சொல்கிறீர்கள்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு, தன் திட்டத்தின் வழியாக உக்ரைன் பெற்றுவந்த மேக்சார் நிறுவனத்தின் படங்களைச் சில நாள் நிறுத்திவைத்தது. தனியார் படம் என்றாலும் திறவுகோல் அந்த நிறுவனம் இருக்கும் நாட்டு அரசின் கையில்தான் இருக்கிறது.

சம்பாவயல் எழுதியது:

இருவரும் வானம் தெளிவாக இருப்பதாக வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். காவிரி டெல்டாவில் சம்பாப் பயிர் வளரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மேகம் மூடியிருக்கும். 3 மீட்டரானாலும் 30 மீட்டரானாலும், நாள்தோறும் எடுத்தாலும், ஒளிப்படத்தில் வருவது பெரும்பாலும் வெண்மேகமே. பயிர்க் கணக்கெடுப்புக்காக வயல் வயலாக நடப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நமக்கு வேண்டியது மேகத்தை ஊடுருவும் ரேடார். நடவு வயலில் தேங்கிய நீர் ரேடாருக்குக் கருமையாகத் தெரியும். பயிர் வளர வளர வெளிறிக்கொண்டே வரும். நிசாரின் 24 சென்டிமீட்டர் அலை இலைகளையும் கடந்து உள்ளே போகக்கூடியது. 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பும். அந்த 150 கோடி டாலரை வீண் என்று எளிதாகச் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் பழையபதிவு அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் சென்டினல் 1பி ரேடார் 2021 டிசம்பரில் மின்வழங்கல் கோளாறால் செயலிழந்தது. அதன் இடத்துக்கு 1சி ஏவப்பட்டது 2024 டிசம்பரில். ஏறக்குறைய 3 ஆண்டுகள் ஒற்றைக் கோளே இயங்க, உலகின் பல பகுதிகளில் படத்துக்கும் படத்துக்கும் இடையிலான நாள் கூடியது. சிறு கோள்களில் ஒன்று போனால் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. அரசுகளிடம் ஏன் மாற்றுக் கோள் தயாராக இருப்பதில்லை?

நீர்க்கோழி எழுதியது:

முதுகலை மாணவி நான், குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் எப்படிச் சுருங்கியது என்பது என் ஆய்வு. 30 மீட்டர் படத்தில் ஒரு புள்ளி 900 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ நான்கு கிரவுண்டு ஒரே நிறமாகத் தெரிகிறது. ஆக்கிரமிப்பின் எல்லையை அதைக்கொண்டு எப்படிக் காட்டுவது? இந்தியாவின் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்களான நம் ஐ.ஆர்.எஸ். கோள்களின் பழைய படங்கள் உதவுமா?

பழையபதிவு எழுதியது:

எல்லையை அதில் காட்ட முடியாது, முயலவும் வேண்டாம். 1970களின் 80 மீட்டர் படத்தில் ஒரு புள்ளியே ஒன்றரை ஏக்கருக்கு மேல். சதுப்பின் மொத்தப் பரப்பு பத்தாண்டுக்குப் பத்தாண்டு எப்படி மாறியது என்பதை, ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதத்துப் படத்தை எடுத்து லேண்ட்சாட்டில் காட்டுங்கள். மழைக்குப் பிந்தைய பிப்ரவரிப் படத்தையும் கோடையின் மே மாதப் படத்தையும் ஒப்பிட்டால் சதுப்பு சுருங்காமலே சுருங்கியதாகத் தெரியும். 2015க்குப் பிந்தைய காலத்துக்குச் சென்டினல் 2இன் 10 மீட்டர் படம் கிடைக்கும்.

ஐ.ஆர்.எஸ். பற்றிக் கேட்டதற்கு வருத்தத்தோடுதான் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988 மார்ச் 17 அன்று சோவியத் ஒன்றியத்தின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து போனது. 1995இல் போன ஐ.ஆர்.எஸ்.-1சியின் 5.8 மீட்டர் பிரிதிறன் அன்று குடிமைப் பயன்பாட்டுக் கோள்களிலேயே மிக நுட்பமானது. உங்களுக்கு வேண்டிய காலத்தில் வேண்டிய கூர்மை நம்மிடமே இருந்தது. ஆனால் விலையும் அனுமதியும் குறுக்கே நின்றன. 5 மீட்டரும் அதைவிடக் கூர்மை குறைந்ததுமான படங்களை இலவசமாகத் தர வேண்டும் என்று இந்திய விண்வெளிக் கொள்கை சொன்னது 2023இல்தான். இந்த விஷயத்தில் அரசு என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் பொதுச்சொத்தாகிவிடாது என்று கோளப்பாதை அவர்கள் என்னைக் குத்திக்காட்டலாம்.

கோளப்பாதை எழுதியது:

குத்திக்காட்டப் போவதில்லை, என் கருத்தை மாற்றிச் சொல்கிறேன். அளவீட்டுக்கு அடிப்படையான ஓர் ஒளிப்பட வரிசையையும் ரேடாரையும் அரசுகளே நடத்தட்டும். ஆக்கிரமிப்பு எல்லை போன்ற நுண்ணிய வேலைகளுக்கான படத்தை விலைக்கு வாங்கட்டும். ஆனால் வாங்கிய படம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு பொது ஆவணமாகிவிட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும்.

பழையபதிவு எழுதியது:

முதல் பாதியை ஏற்கிறேன். இரண்டாம் பாதியில்தான் சிக்கல். பழைய படத்தை மறுபடி மறுபடி விற்பதும் அந்த நிறுவனங்களின் வருமானத்தில் ஒரு பகுதி. அதை விட்டுக்கொடுக்க எந்த நிறுவனம், என்ன விலைக்கு, எத்தனை ஆண்டு கழித்துச் சம்மதிக்கும்? அதைச் சொன்னால் மேலே பேசலாம்.