மைண்ட்ஃபுல்னெஸ்: நாள்பட்ட நோயாளர் கையேட்டுக்கு எந்தச் சொல்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நாள்பட்ட நோயோடு வாழ்பவர்களுக்கான தியானக் கையேட்டில் மைண்ட்ஃபுல்னெஸ் (இப்போது நிகழ்வதை எடைபோடாமல் கவனிக்கும் பயிற்சி) என்பதற்கு 'மனநிறைவு' என்று இடலாம் என ஒரு நண்பரும், 'விழிப்புணர்வு' போதுமே என இன்னொருவரும் எழுதியிருந்தீர்கள். இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. சொல்லைத் தேர்வதற்கு முன், அது சுட்டவேண்டிய பொருளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இந்தப் பயிற்சி மருத்துவமனைக்குள் வந்தது 1979இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபட்-ஜின் தொடங்கிய உளஅழுத்தத் தணிப்புப் பிரிவின் வழியாகத்தான். வழக்கமான சிகிச்சையால் வலி அடங்காதவர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். இன்று வழங்கும் பாடத்திட்டம் 8 வாரங்களைக் கொண்டது: வாரம் ஒருமுறை சுமார் இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் நாள்தோறும் ஏறத்தாழ 45 நிமிடப் பயிற்சி. நாள்பட்ட வலியுடைய 51 பேரைப் பற்றி அவர் எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரை 1982இல் வெளிவந்தது. வலியைப் போக்கிவிடுவோம் என்று அந்தப் பயிற்சி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. உடலில் எழும் உணர்ச்சி, அதைப் பற்றி மனம் பின்னும் எண்ணம், அந்த எண்ணத்தால் உடல் மேலும் இறுகுவது ஆகிய மூன்றையும் பிரித்தறியப் பழகுவதே அதன் அடிப்படை.

இந்த இடத்தில்தான் 'மனநிறைவு' இடறுகிறது. மைண்ட் என்றால் மனம், ஃபுல் என்றால் நிறைவு என்று கூட்டிப் பிறந்த சொல் அது. ஆனால் தமிழில் அதற்கு ஏற்கெனவே திருப்தி என்ற பொருள் வேரூன்றியிருக்கிறது. முடக்குவாதத்தால் பல ஆண்டுகளாக விரல்களை மடக்க முடியாத ஒருவரிடம் மனநிறைவுப் பயிற்சி என்ற தாளை நீட்டினால், 'இருப்பதை வைத்து மனசைத் தேற்றிக்கொள்' என்று சொல்வதாகவே அவர் எடுத்துக்கொள்வார். அந்த அறிவுரையை உறவினர்கள் அவருக்கு முன்பே போதுமான அளவு வழங்கியிருப்பார்கள். 'விழிப்புணர்வு' பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. டெங்கு விழிப்புணர்வு, எய்ட்ஸ் விழிப்புணர்வு, விழிப்புணர்வுப் பேரணி எனப் பொதுச் சுகாதாரத் துறை அதை முழுமையாக எடுத்துக்கொண்டுவிட்டது. 'நீரிழிவு நோயாளிகளுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி' என்று எழுதினால் சர்க்கரை அளவைப் பற்றிய சொற்பொழிவுக்குத்தான் கூட்டம் வரும்.

மூலச்சொல்லிலிருந்து தொடங்கலாம் என்றார் ஒருவர். மூலம் பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியின் 'ஸதி'. இலங்கையில் குடிமைப் பணியில் இருந்தபோது பாலி கற்ற டி. டபிள்யூ. ரைஸ் டேவிட்ஸ், 1881இல் வெளியான தம் பௌத்த சூத்திர மொழிபெயர்ப்பில் அதற்கு ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் என்ற சொல்லை இட்டார். பாலிச் சொல்லை அப்படியே எடுத்தால் தமிழில் 'சதி' என்று எழுத நேரும். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதன் வேர்ப்பொருள் நினைவு, மறவாமை. புத்தர் சொன்ன எண்வழிப் பாதையில் ஓர் உறுப்பான இந்த ஸதியைத் தமிழில் பௌத்தம் எழுதியவர்கள் 'நற்கடைப்பிடி' என்று ஆண்டிருப்பது வியப்புக்குரிய பொருத்தம். பழைய அகப்பொருள் இலக்கண உரையான இறையனார் களவியலுரை 'கடைப்பிடி என்பது கொண்ட பொருள் மறவாமை' என்று வரையறுக்கிறது. ஸதிக்கு இதைவிட நெருங்கிய விளக்கத்தைத் தேடினாலும் கிடைப்பது அரிது. பௌத்த நூல்களுக்கு அதுவே இருக்கட்டும் என்பேன். நோயாளர் கையேட்டில் மட்டும் அது செல்லாது. பத்தியத்தைக் கடைப்பிடியுங்கள், மாத்திரை நேரத்தைக் கடைப்பிடியுங்கள் என்று நாள்தோறும் கேட்பவருக்கு அது இன்னொரு கட்டளையாகவே ஒலிக்கும்.

எஞ்சுவது 'முழுக்கவனம்'. இதற்குப் பலரின் ஆதரவு இருப்பதை அறிவேன். நேற்றைய மடலில் ஒரு நண்பர் இப்படிக் கேட்டிருந்தார்:

"வலி உள்ளவரிடம் கவனம் செலுத்தச் சொன்னால் வலி கூடாதா? அவர் மறக்கத்தானே விரும்புவார்?"

நியாயமான கேள்வி. 'முழு' என்ற அடை அந்த அச்சத்தை உண்மையிலேயே வளர்க்கிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையிடம் சொல்வதுபோல, மனத்தை ஒரு புள்ளியில் குவித்து இறுக்கச் சொல்கிறது. பயிற்சியோ வலிமீது கண்கொத்திப் பாம்பாக இருக்கச் சொல்வதில்லை. சங்யுத்த நிகாயம் என்ற பாலித் தொகுப்பில் உள்ள, அம்பைப் பற்றிய 'சல்ல சுத்த' என்னும் புத்தர் உரை, அம்பு தைத்தவன் அதன்மேல் இரண்டாவது அம்பும் தைத்தவனாகத் துடிப்பதைச் சொல்கிறது: முதலாவது உடலின் வேதனை, இரண்டாவது அதை எண்ணிப் புலம்பும் மனத்தின் வேதனை. பயிற்சி கைவைப்பது இரண்டாவதில். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நாள்பட்ட கீழ்முதுகுவலியுடைய 342 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், 26 வாரங்களுக்குப் பின் அன்றாடச் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் இப்பயிற்சி பெற்றோரில் 60.5 விழுக்காடு, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளச்சிகிச்சை) பெற்றோரில் 57.7, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 44.1. பயன் உண்டு, ஆனால் மாயம் ஏதும் இல்லை. நாம் இடும் சொல்லும் அந்த அளவோடு நிற்கவேண்டும்.

என் முன்மொழிவு 'நிகழ்கவனம்'. இப்போது நிகழ்வதன்மேல் வைக்கும் கவனம் என்பது பொருள். வினைத்தொகை என்பதால் 'நிகழும் கவனம்' என்றல்லவா விரியும் என இலக்கணம் அறிந்தவர்கள் கேட்கக்கூடும். 'உண்கலம்' என்பதில் கலம் உண்பதில்லை, கலத்தில் நாம் உண்கிறோம். வினைக்கும் பெயருக்கும் உள்ள உறவு ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமைதியையோ குணத்தையோ இச்சொல் முன்கூட்டி உறுதியளிக்கவில்லை. எந்தச் சமயத்தின் சாயலும் இதில் இல்லை. 'கவனி' என்ற வினைக்குத் தமிழில் நோக்குதல், பேணுதல் என இரு பொருளும் உண்டு என்பதால், நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் மரபோடும் இது இசைகிறது. புழக்கத்திலும் நெகிழ்ந்து கொடுக்கிறது: நிகழ்கவனப் பயிற்சி, நிகழ்கவனத்தோடு உண்ணுதல், நிகழ்கவனவழி உளஅழுத்தத் தணிப்பு.

துணைச்சொற்களில் இரண்டை மட்டும் இப்போது எடுக்கிறேன். பாதம் முதல் உச்சிவரை கவனத்தை மெல்ல நகர்த்தும் 'பாடி ஸ்கேன்' பயிற்சிக்கு 'உடல் வருடல்' என்று பட்டியலில் கண்டேன். வருடி, வருடல் என்பவை கணினித் துறைக்குப் பொருந்தியவைதாம். இங்கே கையால் தடவிவிடுவதாகப் பொருள்பட்டுவிடும். 'உடல்வலம்' எனலாம். கோயில் வாடை அடிக்கிறது என்பார்கள். நகர்வலம் வழங்கும் மொழியில் அது பெரிய தடையாகாது. மனம் அலையும்போது திரும்பி வந்து ஊன்றும் இடத்தைப் 'பற்றுக்கோடு' என்று சொல்லலாம். இதைக் கையேட்டில் சற்று விரித்தே எழுதவேண்டும். எல்லாருக்கும் மூச்சையே பற்றுக்கோடாகக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கிளப்பக்கூடும். அவருக்குத் தரையில் பதிந்த பாதமோ, காதில் விழும் ஓசையோ பொருத்தமான பற்றுக்கோடு. மருந்தை நிறுத்தச் சொல்லும் பயிற்சி இதுவன்று என்ற வரியும் முதல் பக்கத்திலேயே இடம்பெறவேண்டும்.

எழும் எண்ணத்தை நல்லது கெட்டது என்று பிரிக்காமல் விடுவதற்குத் 'தீர்ப்பிடாமை', 'எடைபோடாமை' என இரு பரிந்துரைகள் வந்துள்ளன. முன்னது விவிலியத் தமிழில் ஊறிய சொல், நீதிமன்றமும் நினைவுக்கு வரும். எனக்குப் பின்னதே உவப்பு. 'நிகழ்கவனம்' மீது மறுப்புள்ளவர்கள், அதை ஒரு நோயாளியிடம் பேசும் முழு வாக்கியத்தில் அமைத்து, இடறும் இடத்தைச் சுட்டி எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்.