இதயத்தின் வலது மேலறையில் கட்டி: எக்கோ, சி.டி. ஸ்கேன் எடுத்தாச்சு, கார்டியாக் (இதய) எம்.ஆர்.ஐ. எதற்கு?

பெரம்பூர்_தம்பி:
அண்ணனுக்கு 43 வயது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீக்கம் என்று காட்டப் போனோம். எக்கோவில் இதயத்தைச் சுற்றி நீர், வலது மேலறையில் கட்டி என்றார்கள். நீரை ஊசி போட்டு எடுத்ததில் ரத்தம் கலந்து வந்தது. ஆனால் புற்றுநோய் செல் இல்லை என்று ரிப்போர்ட் வர, அண்ணி அன்றைக்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டார். டாக்டரோ எம்.ஆர்.ஐ., அப்புறம் பெட் சி.டி. என்கிறார். வெறும் ரத்தக்கட்டியாக இருக்கலாமே? பணம் பிடுங்கும் வேலையா?

காந்த_ரூம்:
தம்பி, நான் டாக்டர் இல்லை. இங்கே சென்னையில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் டாக்டர் சொல்வது நியாயம்தான்.

கட்டி எங்கே இருக்கிறது, எப்படி அசைகிறது என்பதை எக்கோ காட்டிவிடும். அது என்ன ரகம் என்பதற்குத்தான் எம்.ஆர்.ஐ. கையில் கெடோலினியம் என்ற, படத்தில் பளிச்சென்று தெரியும் மருந்தை ஊசியில் போட்டு, மருந்து இதயத்துக்குள் நுழையும்போதே ஒரு தொகுதி படம், சுமார் பத்து நிமிடம் கழித்து இன்னொரு தொகுதி. ரத்தக்கட்டிக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் பொதுவாகக் கறுப்பாகவே நிற்கும். உயிருள்ள கட்டி மருந்தை வாங்கி வெளுக்கும். உங்கள் சந்தேகத்துக்கே பதில் அதில்தான் கிடைக்கும்.

இதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிக அபூர்வம். அவற்றிலும் முக்கால்வாசி புற்றில்லாத, சாதுவான கட்டிகள். இடது மேலறையில் காம்போடு தொங்கும் மிக்ஸோமா அந்த வகை. வலது மேலறை, அகலமான அடிப்பகுதி, சுற்றிலும் ரத்தம் கலந்த நீர் என்று சேர்ந்து வந்தால் ஆஞ்சியோசர்கோமா என்ற புற்றை நினைக்காமல் இருக்க முடியாது. பெரியவர்களுக்கு இதயத்திலேயே தோன்றும் புற்றுகளில் அதுதான் அதிகம். உள்ளே ரத்தக்கசிவு இருப்பதால் படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். இதயத்தைச் சுற்றிய உறைக்குள் பரவியிருந்தால் கீற்றுக் கீற்றாக வெளுக்கும், ரேடியாலஜிஸ்டுகள் சூரியக் கதிர் என்பார்கள். நீரில் செல் இல்லை என்பதை வைத்து இதை ஒதுக்கிவிட முடியாது. அண்ணியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

எல்லா சென்டரிலும் இதய எம்.ஆர்.ஐ. எடுக்க மாட்டார்கள். எடுப்பார்களா, படித்து ரிப்போர்ட் தர ஆள் உண்டா என்று போனிலேயே கேளுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். மூச்சை விட்டு அப்படியே நிறுத்தச் சொல்வார்கள், வீட்டிலேயே பழகட்டும். அரைஞாண் கயிற்றில் தாயத்து இருந்தால் கழற்றுங்கள். இதற்காக அந்த ரூம் வாசலில் நான் போடாத சண்டை இல்லை!

கீழ்ப்பாக்கம்_அக்கா:
பெட் ஸ்கேனுக்கு முந்தின நாள் என்ன சாப்பிடலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி. அதில் கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் போடுவார்கள், அதை அதிகமாக இழுக்கும் இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். இதயத் தசையே சர்க்கரையை இழுத்துப் பளிச்சென்று தெரிந்தால் கட்டி அதில் மறைந்துவிடும். அதனால் சோறு, இட்லி, சர்க்கரை போட்ட காபி எல்லாம் நிறுத்தி, முட்டை, கறி, நெய் மாதிரி கொழுப்புச் சாப்பாடு, பிறகு நீண்ட பட்டினி. என் வீட்டுக்காரருக்கு ஒரு சென்டரில் இதைச் சொல்லவே இல்லை. ராத்திரி உப்புமா சாப்பிட்டுப் போனார், படத்தில் இதயம் முழுக்கப் பளிச்சென்று தெரிந்தது, திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. சுகர் இருந்தால் மாத்திரை, இன்சுலினை டாக்டரிடம் கேட்டே மாற்றுங்கள்.

பெரம்பூர்_தம்பி:
நன்றி அக்கா, நன்றி சார். எம்.ஆர்.ஐ.யில் தெளிவாகத் தெரிந்துவிட்டால் பயாப்ஸி வேண்டாம்தானே? உடம்பு முழுக்க பெட் எதற்கு?

காந்த_ரூம்:
ஸ்கேன் சந்தேகத்தைத்தான் வலுவாக்கும். இன்ன புற்று என்று உறுதியாகச் சொல்ல சதைத் துண்டு வேண்டும். பெரும்பாலும் ரத்தக்குழாய் வழியாகவே உள்ளே போய் எடுப்பார்கள். எந்த இடத்தில் எடுக்கலாம் என்பதற்கும் இந்தப் படம் உதவும். பெட் எதற்கென்றால், வேறு உறுப்பிலிருந்து இதயத்துக்குப் பரவும் புற்று, இங்கேயே தோன்றுவதைவிடப் பல மடங்கு அதிகம். ஆஞ்சியோசர்கோமாவாகவே இருந்தாலும் நுரையீரலுக்குச் சீக்கிரம் பரவும், அதையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஃபிலிம் கவரை மட்டும் வாங்கி வராதீர்கள், படங்களை டிஸ்க்கில் பதிந்து தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இதயம் ஓடுகிற படங்களை ஃபிலிமில் பார்க்க முடியாது. அடுத்த டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.