குழந்தைகளின் ஜிம்னாஸ்டிக்ஸ் மீட் (போட்டி) சீசனில் மனசை விட்டுப் போகாத ஒரு விஷயம், சொல்லுங்கள்

எடிசன் அம்மா:

லெவல் 4, முதல் சீசன், பெண்ணுக்கு ஒன்பது வயது. கிப், அதாவது பாரில் தொங்கி வீசி இடுப்பை பாருக்கு மேலே ஏற்றுவது, அந்தக் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வாரம் முழுக்க ஜிம்மில் வந்துகொண்டிருந்த கிப் மீட் அன்று வரவில்லை. ஜட்ஜைப் பார்த்துக் கை தூக்கினாள், பாரைப் பிடித்தாள், முன்னால் வீசிப் போகும் கிளைட் நன்றாகத்தான் போனது, கால் விரல் பார் வரை வந்தது, இடுப்பு மட்டும் மேலே ஏறவில்லை. இறங்கிவிட்டாள். கோச் பக்கத்திலேயே நிற்கிறார், முதுகில் ஒரு கை கொடுத்தால் ஏறிவிடுவாள், ஆனால் தொட்டால் மார்க் போகும். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இவள் சாக் பொடி டப்பா வரை நடந்துபோய், கையைத் தேய்த்து, உள்ளங்கையில் ஒரு ஊது ஊதிவிட்டுத் திரும்பி வந்தாள். மறுபடியும் ஏறவில்லை. அடுத்த தடவை முழங்கையை மடக்கி எப்படியோ இழுத்து மேலே போய்விட்டாள்.

அந்த இடைவெளியில், எனக்கு முன் வரிசையில் ஒருவர் தன் மனைவியிடம் தமிழில் சொன்னார்: "இந்தக் குழந்தையை எல்லாம் ஏன் லெவல் 4-ல விட்டிருக்காங்க, பாவம்." பின்னால் இருப்பவர்களுக்குத் தமிழ் தெரியும் என்று நினைக்கவில்லை போல. என் சின்னவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். நான் எதுவும் சொல்லவில்லை. ஸ்கோர் 6-சொச்சம் வந்தது. இவளோ இறங்கி நிலையாக நின்று பல் தெரியச் சிரித்து சல்யூட் வைத்தாள், காரில் ஏறியதும் முதல் கேள்வி "கடைசில ஏறிட்டேன், பாத்தியாம்மா?" என்பதுதான். அவளுக்கு அது நல்ல நாள். எனக்குத்தான் அந்த மனிதரின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

பிளேனோ அப்பா:

அவருக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் தெரியாது, அவ்வளவுதான். லெவல் 4-ல் கிப்புக்காக அழாத குழந்தையை நான் பார்த்ததில்லை. யாரை எந்த லெவலில் விடுவது என்பது கோச் முடிவு, கேலரியில் உட்கார்ந்திருப்பவர் முடிவு இல்லை.

எங்கள் கதை வேறு. லெவல் 5, இவளுக்கு முதலில் பீம் (உயரத்தில் இருக்கும் ஒடுங்கிய கட்டை), கடைசியில் பார்ஸ். இந்த லெவலில் ஃப்ளோருக்கு எல்லாக் குழந்தைக்கும் அதே மியூசிக்தானே, மூன்று மணி நேரம் அதே மெட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்ஸ் வார்ம்-அப் முடிந்து வந்தவள் கையை மூடியே வைத்திருந்தாள். எனக்குக் கேலரியிலிருந்தே தெரிந்துவிட்டது, ரிப், பாரில் உரசித் தோல் கிழிவது. கோச்சிடம் காட்டவில்லை, காட்டினால் ஸ்க்ராட்ச் செய்துவிடுவார், பார்ஸில் இறங்க விடமாட்டார் என்று பயம். ரொட்டீன் முழுதாகச் செய்தாள். எல்லாம் முடிந்து வெளியே வந்து கையைத் திறந்தாள், உள்ளங்கை நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் கிழிந்து ஒரு பக்கம் மடிந்து தொங்குகிறது, அடியில் சிவந்த சதை, அதன் மேலேயே சாக் பொடி அப்பியிருக்கிறது. "டாடி, 9.1" என்றாள். எனக்கு அந்த 9.1-ஐப் பார்த்து சந்தோஷப்படுவதா என்று இன்றுவரை தெரியவில்லை. மெடல் அவள் அறையில் தொங்குகிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது.

இரண்டு பெண்களின் அம்மா:

பிளேனோ சார், ரிப் எல்லாம் சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் பார்த்துக்கொள்ளும் முறை இருக்கிறது. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், எரியும், கத்துவாள், பரவாயில்லை. தொங்கும் தோலைப் பிய்க்கவே கூடாது, சுத்தமான சின்னக் கத்தரிக்கோலால் ஓரம் ஒட்ட வெட்டி விடுங்கள். இரவு வாசலின் தடவி ஒரு பழைய சாக்ஸைக் கையில் மாட்டித் தூங்க வையுங்கள், இல்லாவிட்டால் காய்ந்து மறுபடியும் வெடிக்கும். எங்கள் ஜிம் அம்மாக்கள் ஈரமான டீ பேக் வைப்பார்கள், என் பெரியவளுக்கு அது ஒத்துக்கொண்டது. மஞ்சள் வேண்டாம், லியோ (உடம்பை ஒட்டிய போட்டி உடை) முழுக்கக் கறை. ஆறும் வரை பார்ஸ் வேண்டாம், ஓரளவு ஆறியதும் டேப் போட்டுப் போகலாம். தடித்த தோலை வாரம் ஒரு முறை குளித்த பிறகு பியூமிஸ் கல்லால் லேசாகத் தேய்த்து விட்டால் பாதி ரிப் வராது.

அப்புறம் குதிகால். எட்டு வயதுக்கு மேல், வளரும் சமயத்தில், "குதிகால் வலிக்கிறது" என்பார்கள். எலும்பு வேகமாக வளர்ந்து, கெண்டைக்கால் தசை பின்னாலிருந்து இழுப்பதால் வருவது, டாக்டர்கள் சீவர்ஸ் என்பார்கள். ஷூவுக்குள் குதிகாலுக்கு வைக்கும் ஹீல் கப் வாங்குங்கள், கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சி காலை மாலை, வீட்டில் வெறுங்காலோடு ஓட விடாதீர்கள், பயிற்சி முடிந்ததும் ஐஸ். கொண்டை போடுவதாக இருந்தால் தலை ஈரமாக இருக்கும்போதே ஜெல் தடவி வாரி விடுங்கள். பையில் ரப்பர் பேண்ட், சேஃப்டி பின், ஸ்போர்ட்ஸ் டேப், வாழைப்பழம். மீட்டுக்கு முன்னால் தயிர் சாதம் கொடுக்காதீர்கள், தூங்கி வழிவார்கள்.

என் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சின்னவள் வால்ட்டைத் தாண்ட ஓடி வந்து, எகிறும் போர்டில் கால் வைக்காமல் அப்படியே நின்றுவிட்டாள், வலியா என்று கேட்டேன், தலையை ஆட்டினாள். அடுத்த மீட்டில் நன்றாகச் செய்தாள்.

ஸ்கார்பரோ:

அக்கா, கோவிக்கக் கூடாது, நீங்கள் எழுதினதில் ஒன்று எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வலியா என்று கேட்கப் பிள்ளை தலையாட்டினாள் என்று ஒரு வரியில் கடந்து போகிறீர்கள். போர்டுக்குக் கிட்ட வந்து நிற்கிற பிள்ளைக்கு எப்போதும் குதிகால்தான் பிரச்சினை என்று இல்லை.

என்ரை மகள் பீமில் பேக் வோக்கோவர், பின்னால் வளைந்து கை ஊன்றிக் காலைத் தூக்கிப் போட்டு எழும்புறது, ஒரு வருசமாகச் செய்துகொண்டிருந்தவள். ஒரு நாள் திடீரென்று ஏலாமல் போய்விட்டது. விழவும் இல்லை, காயமும் இல்லை. தரையில் கோடு போட்டால் செய்வாள், தாழ்வான பீமில் செய்வாள், 125 சென்ரிமீற்றர் உயரத்தில், 10 சென்ரிமீற்றர் அகலத்தில் ஏறினால் உடம்பு மறுக்கும். கோச்சும் நல்லவர், கத்தினவர் இல்லை. மீற் அன்றைக்குப் பீமில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள், ஒரு கால் முன்னால் வைத்தாள், அப்படியே நின்றாள். கால் பெருவிரல் மட்டும் பீமைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. நேரம் போகிறது. பக்கத்துப் பார்ஸில் ஒரு பிள்ளை முடித்து எல்லாரும் கை தட்டினார்கள், இவள் கையை இறக்கவில்லை. பிறகு அந்தப் பகுதியை விட்டுவிட்டு மிச்சத்தைச் செய்து முடித்து இறங்கினாள். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் சொன்னாள், "அம்மா, பின்னால ஒண்டுமே இல்லை மாதிரி இருக்கு."

2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் போட்டியின் நடுவிலே விலகினது ஞாபகம் இருக்கும். காற்றில் தன் உடம்பு எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை என்றாள். ஜிம்னாஸ்டிக்ஸில் உலகத்திலேயே ஆகக் கூடுதலான மெடல் எடுத்தவளுக்கே அது வந்தது. அப்போது நானும் மகளும் சேர்ந்துதான் பார்த்தோம், அவள் அன்றைக்கு ஒன்றும் கதைக்கவில்லை, இப்போது அதைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கோ. ஹீல் கப் வேண்டாம்.

இரண்டு பெண்களின் அம்மா:

நான் தெரிந்ததைச் சொன்னேன், யாரையும் வலியோடு ஓடச் சொல்லவில்லை. தடங்கல் வந்தால் தாழ்வான பீமுக்குத் திரும்பப் போய், பிறகு உயர பீமின் அடியில் பாய்களை அடுக்கி, ஒவ்வொரு பாயாக எடுத்துக்கொண்டே வருவார்கள், எங்கள் ஜிம்மில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் சரியானது. அவசரப்படுத்தாதீர்கள்.

ஹூஸ்டன்:

நான் எழுத வந்தது லியோ பற்றி. இதை வேறு யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை.

மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். பேத்தி மீட்டைப் பார்க்க ஆசைப்பட்டார், கூட்டிக்கொண்டு போனோம். 200 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய லியோ, தோளெல்லாம் கல் பதித்தது, பெண்ணுக்குப் பதினோரு வயது, அதைப் போட்டுக்கொண்டு பாட்டி முன்னால் வந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அத்தை அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "இதுக்கு மேல ஒரு பாவாடை கட்டிவிட முடியாதாம்மா?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வளர்ந்த விதம் அப்படி. ஆனால் இவளுக்குக் காதில் விழுந்துவிட்டது.

அன்று ஃப்ளோரில் அவள் மூலையில் போய் நின்றதும், சல்யூட் வைப்பதற்கு முன்னால் இரண்டு ஆட்காட்டி விரலையும் லியோவின் கால் ஓரத்தில் விட்டு இழுத்துக் கீழே விட்டாள். அதற்கு முன் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. ரொட்டீன் நடுவில் ஸ்பிளிட் லீப் முடித்து இறங்கியதும் மறுபடியும். இப்போது எல்லா மீட்டிலும் செய்கிறாள்.

டோக்கியோவில் ஜெர்மனி டீம் பெண்கள் கணுக்கால் வரை மூடிய உடையில் வந்தார்கள், விதி அதை அனுமதிக்கிறது. அந்தப் படத்தை அவளிடம் காட்டினேன், வேண்டுமானால் நம் கோச்சிடம் கேட்கலாம் என்றேன். "எல்லாரும் ஒரே மாதிரி போட்டிருக்கும்போது நான் மட்டும் எப்படிம்மா" என்றாள். அத்தை ஊருக்குப் போய்விட்டார், வாட்ஸப்பில் வீடியோ அனுப்பினால் "கண்ணு பட்டுடும், சுத்திப் போடு" என்று பாசமாகத்தான் பதில் போடுகிறார். நான் அதைப் பெண்ணிடம் காட்டுகிறேன். அந்த விரல் மட்டும் நிற்கவில்லை.

சான் ஹோசே அப்பா:

எடிசன் அம்மாவுக்கு ஒன்று. 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் நம் தீபா கர்மாகர் வால்ட் ஃபைனலில் 15.066 எடுத்து நான்காவது வந்தார், வெண்கலம் 0.15-ல் போனது. சின்ன வயதில் அவருக்குத் தட்டைப் பாதம், இந்த விளையாட்டுக்கு ஆகாத கால். அகர்த்தலாவிலிருந்து வந்த அந்தக் குழந்தையை அன்றைக்குக் கேலரியிலிருந்து பார்த்து எத்தனை பேர் 'பாவம்' சொல்லியிருப்பார்கள்.

என் பையன் லெவல் 5. பையன்களுக்கு ஆறு ஆப்பரேட்டஸ், பாமல் ஹார்ஸ் இருக்கிறதே, கைப்பிடியில் ஊன்றிக் காலைச் சுற்றுவது, அதில் ஒரு சுற்று முழுதாக வருவதற்குள் எங்கள் வீட்டில் எல்லோரும் களைத்துப்போனோம். டீமில் பையன்கள் மூன்றே பேர். ஸ்கூலில் யாரோ "அது கேர்ள்ஸ் ஸ்போர்ட்" என்று சொல்லியிருக்கிறார்கள், வந்து என்னிடம் சொல்லவில்லை, முதுகில் டீம் பெயர் இருக்கும் ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

பிளேனோ அப்பா:

சான் ஹோசே, தீபா உதாரணம் நல்லதுதான், ஆனால் எல்லாக் குழந்தையும் தீபா ஆகப் போவதில்லை, அவருக்கும் பின்னால் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. அது வேறு பேச்சு. ஸ்கார்பரோ அக்கா சொன்னதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கையை மூடி வைத்திருந்தவளிடம் கோச் ஏன் திறந்து காட்டச் சொல்லவில்லை? கேட்கப் போகிறேன். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் டீம் டாக்டராக இருந்து குழந்தைகளிடம் பாலியல் கொடுமை செய்த லாரி நாசர் வழக்குக்குப் பிறகு, குழந்தைப் பாதுகாப்புக்கான சேஃப்ஸ்போர்ட் விதி வந்தது, பெரியவர் யாரும் குழந்தையோடு தனியாக, பிறர் பார்க்க முடியாத இடத்தில் இருக்கக் கூடாது, மெசேஜ் அனுப்பினால் பெற்றோரையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். அதெல்லாம் நல்லது. ஆனால் வலியை மறைக்கும் குழந்தையை யார் கவனிப்பது என்பதை விதி எழுதி வைக்க முடியாது, நாம்தான் கேட்க வேண்டும்.

எடிசன் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ஹூஸ்டன், உங்கள் பெண்ணின் விரலைப் படித்ததிலிருந்து என் கவலை எனக்குச் சின்னதாகத் தெரிகிறது. ஸ்கார்பரோ, என்னிடம் பதில் இல்லை, மகளிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

கோச்சிடம் பேசினேன். லெவல் 3-க்குத் திருப்பி அனுப்பலாமா என்று நான் கேட்கும் முன்பே அவர் சொல்லிவிட்டார், கிப் இடுப்பில் இல்லை, தோளில் இருக்கிறது, கை பாரை அழுத்துவதற்குள் காலை விட்டுவிடுகிறாள், அதைத் திருத்துவோம் என்று. ஸ்டேட் போட்டிக்குத் தேவையான ஸ்கோர் இன்னும் வரவில்லை. மிச்சம் இருக்கும் மீட் காலை செஷன், முதல் ரொட்டேஷனே பார்ஸ்.