பரு வரும் சருமத்துக்கு மினரல் சன்ஸ்கிரீன்: செய்தவர்கள், பூசியவர்கள் அனுபவம்

கிரீம் கலவைகளை உருவாக்கும் ஃபார்முலேஷன் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். "ஜிங்க் ரொம்ப சாதுன்னு சொன்னாங்க, பூசினதும் நெற்றி முழுக்கப் பொரிப்பொரியா வந்துடுச்சு" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் சொல்வதை அப்படியே நம்புகிறேன். ஆனால் மினரல் சன்ஸ்கிரீனில் வெயிலைத் தடுக்கும் வெள்ளைத் தூளான ஜிங்க் ஆக்சைடு தானாகத் தொந்தரவு தருவது அபூர்வம். முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைச் சுமந்து வரும் எண்ணெயைத்தான்.

ஜிங்க் ஆக்சைடு தண்ணீரிலும் கரையாது, எண்ணெயிலும் கரையாது. 20 சதவீதம் போட்டால் அத்தனை தூளையும் நனைக்கிற அளவுக்கு எண்ணெய் வேண்டும். கெட்டியான தாவர எண்ணெய், ஷியா பட்டர், மெழுகு சேர்த்த மாதிரிகளைப் பரு உள்ள தன்னார்வலர்கள் சீக்கிரமே ஒதுக்கிவிட்டார்கள். கோகோ கேப்ரிலேட் மாதிரி லேசான எஸ்டரும் (பிசுபிசுக்காத எண்ணெய் வகை) கொஞ்சம் டைமெத்திகோனும் (ஒரு சிலிக்கோன்) வைத்த மாதிரியைப் பெரும்பாலோர் பொறுத்துக்கொண்டார்கள். சிலிக்கோன் துவாரத்தை அடைக்கும் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. டைமெத்திகோன் விஷயத்தில் அந்தப் பயம் தேவையில்லை.

அடுத்த தலைவலி, கட்டி. தூளைக் கிரீமில் கொட்டிக் கலக்கினால் கண்ணுக்குச் சீராகத்தான் தெரியும். மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள், அங்கங்கே திட்டுத் திட்டாகச் சேர்ந்து நிற்கும், நடுவில் வெற்றிடம். புற ஊதாக் கதிருக்கு அந்த இடைவெளி போதும். அதனால் மேற்பூச்சு போட்ட ஜிங்கை, தூளை ஒட்டாமல் பிரித்து வைக்கும் பாலிஹைட்ராக்ஸிஸ்டியரிக் அமிலம் போன்ற ஒன்றின் துணையோடு முன்கூட்டியே எண்ணெயில் அரைத்து வைத்த டிஸ்பர்ஷனாகவே வாங்குகிறோம்.

ஜெல் பதம் கேட்டவர்களுக்காக, நீரைக் கெட்டியாக்கும் கார்போமரில் ஒரு மாதிரி செய்தோம். மாலையில் கெட்டியாக இருந்தது காலையில் தண்ணீராக ஓடியது. ஜிங்க் கொஞ்சம் கொஞ்சமாக விடும் அயனிகள் கார்போமரின் பிடியைக் குலைத்துவிடும். எண்ணெய்க்குள் நீர் துளித்துளியாகக் கலந்து நிற்கும் எமல்ஷனுக்கு மாறி, நீர்ப் பகுதியில் கொஞ்சம் மெக்னீசியம் சல்பேட் சேர்த்த பிறகுதான் நிலைத்தது. வியர்வைக்கும் அது தாக்குப்பிடித்தது.

"பருவுக்கும் சேர்த்து இதிலேயே சாலிசிலிக் அமிலம் போடக்கூடாதா?" என்று கேட்பார்கள். கூடாது. அமிலம் பட்டால் ஜிங்க் ஆக்சைடு கரையத் தொடங்கும், அமிலமும் தன் வேலையைச் செய்யாது. ஜிங்க் உள்ள கலவையின் பிஹெச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். அந்தச் சூழலில், அமிலத்துக்குப் பதிலாகச் சேர்க்கக்கூடிய நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) நன்றாகத் தாங்கும். சோடியம் பென்சோயேட் மாதிரி அமிலச் சூழலில் மட்டும் வேலை செய்யும் பதப்படுத்திகளை நம்பவே கூடாது, கிரீமில் கிருமி வளர்ந்துவிடும்.

*

நான் பூசுகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். மாநிறம், பரு போனாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும் சருமம். மினரல் சன்ஸ்கிரீன் எதைப் போட்டாலும் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடும். அது தெரியாமல் இருக்க மெல்லிசாகத் தேய்ப்பேன். எஸ்.பி.எஃப் (வெயில் பாதுகாப்பு எண்) சோதனையில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அளக்கிறார்கள் என்று தெரிந்ததும் மெல்லிசாகத் தேய்ப்பதை நிறுத்தினேன். இப்போது அயர்ன் ஆக்சைடு என்ற நிறமி கலந்த, நிறமுள்ளதற்கு மாறிவிட்டேன். வெள்ளை தெரிவதில்லை என்பதால் தாராளமாகப் பூச முடிகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளிகூடத் தழும்பைக் கறுக்க வைக்கும், அதை அயர்ன் ஆக்சைடு ஓரளவு தடுக்கும் என்று தோல் மருத்துவரும் சொன்னார்.

அக்கா, ஒரு சந்தேகம். டிஸ்பர்ஷன் வாங்கி நானே வீட்டில் செய்துகொள்ளலாமா? வாசனையே இல்லாமல் வேண்டும், அதற்காகத்தான்.

*

வேண்டாம்மா. மாய்ஸ்சரைசர் என்றால் நானே செய்முறை எழுதித் தருவேன், இதற்கு மாட்டேன். 20 சதவீதம் ஜிங்க் போட்டால் இத்தனை எஸ்.பி.எஃப் என்று கணக்குப் போடவே முடியாது. ஒரே அளவு ஜிங்க், இரண்டு எமல்ஷன், இரண்டு வேறு எண்கள் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். மனிதத் தோலில் பூசிப் பார்க்கும் ஐஎஸ்ஓ 24444 மாதிரி ஏதாவது ஒரு சர்வதேசத் தர முறையில் அளந்தால்தான் தெரியும். தழும்பு கறுக்கும் சருமத்தை அளக்காத கிரீமை நம்பி வெயிலில் கொண்டுபோகாதே.

வாசனை சேர்க்காதது கடையிலேயே கிடைக்கும். வாங்கினால் முதலில் தாடை ஓரத்தில் மட்டும் பூசிப் பார். எரிச்சல் என்றால் ஓரிரு நாளில் தெரியும், அடைப்பு கிளம்பச் சில வாரம்கூட ஆகலாம், அவசரப்பட்டு முகம் முழுக்கப் போடாதே. ராத்திரி கழுவும்போது வெறும் ஃபேஸ்வாஷ் போதாது. இந்தப் படலம் நீரைத் தள்ளும். கழுவியதும் வெண்மையாக வழிந்து போகும் கிளென்சிங் எண்ணெயால் முதலில் தளர்த்திவிட்டு, அப்புறம் மென்மையான ஃபேஸ்வாஷ். தேய்க்காதே, விரல் நுனியால் சுற்றினால் போதும்.