அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அடித்ததா, நின்றதா?

கூழாங்கல் (கேள்வி)

ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்கான லிசனிங் பயிற்சியில் ஒரு வரி: ‘தி அலாரம் வென்ட் ஆஃப் அட் சிக்ஸ்.’ ஆறு மணிக்கு அலாரம் நின்றுவிட்டது என்று எழுதினால் தப்பு, ஆறு மணிக்கு அடித்தது என்பதுதான் சரியான விடை. அடுத்த பக்கத்திலேயே ‘தி லைட்ஸ் வென்ட் ஆஃப்’ வருகிறது. அங்கே விளக்கு எரியத் தொடங்கியது என்று எழுதினால் அதுவும் தப்பு, அணைந்துவிட்டதாம்.

இதற்கு மேல் ‘தி மில்க் ஹாஸ் கான் ஆஃப்’, ‘ஐ ஹாவ் கான் ஆஃப் காபி’, ‘ஹீ வென்ட் ஆஃப் வித் மை அம்ப்ரெல்லா’, ‘தி மீட்டிங் வென்ட் ஆஃப் வெல்’. இரண்டே சின்னச் சொற்கள், ஆளுக்கொரு அர்த்தம். எல்லாவற்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைத் தவிர வழி இல்லையா? உள்ளே ஏதாவது ஒழுங்கு இருந்தால் சொல்லுங்கள். பேச்சிலும் எழுத்திலும் நாம் வழக்கமாகச் செய்யும் பிழைகளையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

பனங்காட்டான்

ஒழுங்கு இருக்கிறது. முதலில் அலாரம், லைட் சிக்கலைத் தீர்த்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதைவிட எளிது.

வினையை விட்டுவிட்டு எழுவாயைப் பாருங்கள். அந்தப் பொருள் சாதாரணமாக எந்த நிலையில் இருக்கும்? அலாரம், வெடிகுண்டு, துப்பாக்கி, சைரன், எலிப்பொறி, கேமரா ஃபிளாஷ், தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் எல்லாம் சும்மா காத்துக் கிடப்பவை. ஒரு நொடியில் கிளம்புவதுதான் அவற்றின் வேலை. இவை ‘வென்ட் ஆஃப்’ என்றால் கிளம்பிவிட்டன: அடித்தது, வெடித்தது, ஊதியது, பீய்ச்சியது. லைட், ஹீட்டர், ஏசி, டிவி, கரண்ட் ஆகியவை தொடர்ந்து ஓடிக்கொண்டிருப்பவை. இவை ‘வென்ட் ஆஃப்’ என்றால் நின்றுவிட்டன.

இன்னும் சுருக்கமாக: காத்திருப்பது கிளம்பும், ஓடிக்கொண்டிருப்பது நிற்கும்.

‘ஆஃப்’ என்பதன் அடிப்படைப் பொருள் விலகுதல், விடுபடுதல். பழைய ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ (off), ‘ஆவ்’ (of) இரண்டும் ஒரே சொல்தான். அழுத்திச் சொன்ன வடிவம் ‘ஆஃப்’ ஆகத் தனியே பிரிந்தது, 17-ஆம் நூற்றாண்டில்தான் இரண்டும் முழுசாக வேறு வேறாயின. துப்பாக்கி வெடிப்பதற்கு ‘கோ ஆஃப்’ என்பது 16-ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது.

சாவி கொடுக்கும் பழைய டைம்பீஸை நினைத்துக்கொள்ளுங்கள். அலாரத்துக்குத் தனிச் சுருள்வில், தனிச் சாவி. முறுக்கி வைத்தாலும் அது உடனே சுழலாது, ஒரு நெம்பு மணியடிக்கும் சுத்தியைப் பிடித்து வைத்திருக்கும். குறித்த நேரம் வந்ததும் நெம்பு விலகும். சுத்தி பிடியிலிருந்து விடுபட்டு, வில்லின் வேகத்தில் மணியில் மோதிக்கொண்டே இருக்கும். பிடியை விட்டுப் போனது என்பதுதான் அங்கே ‘ஆஃப்’. விசையை இழுத்ததும் துப்பாக்கிக்கு நடப்பதும் இதுவே. லைட்டில் விலகுவது வேறு, மின்சாரத்தின் தொடர்பை விட்டு அது விலகுகிறது. இரண்டிலும் விலகல்தான். ஒன்று பிடியை விட்டு, மற்றது உயிரை விட்டு.

ஃபிளாஷ் இதற்கு நல்ல உரைகல். ‘தி ஃபிளாஷ் வென்ட் ஆஃப்’ என்றால் பளிச்சென்று வெளிச்சம். ‘தி லைட் வென்ட் ஆஃப்’ என்றால் இருட்டு. இரண்டும் வெளிச்சம் தரும் பொருள்கள்தான், ஆனால் முன்னது காத்திருப்பது, பின்னது எரிந்துகொண்டிருப்பது.

நாம் தடுமாறுவதற்குக் காரணம் நம் தமிழ் ‘ஆஃப்’. ‘ஃபேனை ஆஃப் பண்ணு’, ‘போன் ஆஃப் ஆயிடுச்சு’ என்று பேசிப் பேசி, ‘ஆஃப்’ என்றாலே நிறுத்தம் என்று மனதில் பதிந்துவிட்டது. அலாரத்தைக் கேட்டதும் அந்தப் பதிவுதான் முந்திக்கொள்கிறது.

கூழாங்கல்

இப்போது பிடிபடுகிறது. அப்படியானால் அடித்துக்கொண்டிருந்த அலாரம் தானாக நின்றால் என்ன சொல்வது?

பனங்காட்டான்

‘தி அலாரம் ஸ்டாப்ட்’. அவ்வளவுதான். ‘வென்ட் ஆஃப்’ என்று சொன்னால் மறுபடி அடித்தது என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். கையால் நிறுத்தினால் ‘ஐ டர்ன்ட் இட் ஆஃப்’. ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லலாம்: ‘இட் வென்ட் ஆஃப் அட் சிக்ஸ் அண்ட் ஐ டர்ன்ட் இட் ஆஃப்.’ இதைப் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். லிசனிங்கில் ‘வென்ட்’டின் கடைசி எழுத்து அடுத்த சொல்லோடு ஒட்டி ‘வென்டாஃப்’ என்று ஒரே சொல்லாகக் காதில் விழும், ‘கோஸ் ஆஃப்’ என்பது ‘கோஸாஃப்’ ஆகும். இந்த ஒலி பழகாவிட்டால் அர்த்தம் தெரிந்தும் கோட்டை விடுவீர்கள்.

தென்மராட்சி

சாப்பாட்டுப் பக்கம் கொஞ்சம் கூட்டிச் சொல்ல வேணும்.

இங்க பிரித்தானியாவில பால், இறைச்சி, மீன், மிஞ்சின கறி பழுதாப்போனா ‘இட்ஸ் கான் ஆஃப்’ எண்டு சொல்லுவினம். அமெரிக்கால அப்பிடிக் கேக்கிறது குறைவு, அங்க ‘கான் பேட்’, பாலெண்டா ‘கான் சவர்’. பரீட்சையில எதை எழுதினாலும் சரிதான், ஆனா ஒரு கட்டுரைக்குள்ள ஒரு பக்கத்து வழக்கையே வச்சிருங்கோ.

எல்லாப் பழுதுக்கும் ‘கோ ஆஃப்’ பொருந்தாது. பாண் (பிரெட்) காஞ்சு போனா ‘ஸ்டேல்’, பூஞ்சணம் பிடிச்சா ‘மோல்டி’. எண்ணெய், பட்டர் காறல் மணம் அடிச்சா ‘ரான்சிட்’. பிஸ்கட் நமத்துப்போனா ‘கான் சாஃப்ட்’, அது பழுதில்லை. தோசை மா புளிக்கிறது ‘ஃபெர்மென்ட்’. அதுக்குப் போய் ‘தி பேட்டர் ஹாஸ் கான் ஆஃப்’ எண்டு சொன்னா கேக்கிற ஆள் மாவைக் குப்பையில கொட்டிப் போடுவார்! அளவு மீறிப் புளிச்சா ‘கான் டூ சவர்’ எண்டு சொல்லலாம்.

திகதி முடிஞ்சதும் ‘கோ ஆஃப்’ இல்லை. அது ‘அவுட் ஆஃப் டேட்’, ‘எக்ஸ்பயர்ட்’. திகதி முடியாமலே பால் ‘கோ ஆஃப்’ ஆகலாம், வெயில்ல ரெண்டு மணித்தியாலம் வெளிய இருந்தாக் காணும்.

இன்னொண்டு: இங்கத்தைச் சாப்பாட்டுக் கடையில ‘தி ஃபிஷ் இஸ் ஆஃப்’ எண்டு சொன்னா ரெண்டு அர்த்தம் வரும். மீன் பழுது எண்டதும் ஒண்டு, இண்டைக்கு மீன் முடிஞ்சுது எண்டதும் ஒண்டு. பரிமாறுற ஆள் சொன்னா அனேகமா ரெண்டாவதுதான். சாப்பிடுற ஆள் முகத்தைச் சுழிச்சுக்கொண்டு சொன்னா முதலாவது.

அகரமுதல்வி

இலக்கணத்தில் ஒரு முக்கியமான இடத்தை இன்னும் யாரும் தொடவில்லை. நம் மாணவர்கள் அதிகம் மதிப்பெண் இழப்பதும் அங்கேதான்.

‘கோ ஆஃப்’ தன்வினை. விளக்கு ‘அணைந்தது’, அலாரம் ‘அடித்தது’ என்று சொல்லத்தான் உதவும். நீங்கள் ‘அணைத்தீர்கள்’, ‘அடிக்க வைத்தீர்கள்’ என்று சொல்ல உதவாது. ‘ஐ வென்ட் ஆஃப் தி லைட்’ என்பது பிழை. தமிழில் ‘அணைந்தது’, ‘அணைத்தேன்’ என்று ஒற்றெழுத்தை மாற்றினால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் வினையையே மாற்ற வேண்டும், அதுவும் செயப்படுபொருளுக்குத் தகுந்தபடி.

லைட், டிவி, ஹீட்டருக்கு ‘டர்ன் ஆஃப்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’. அலாரத்தையும் குண்டையும் கிளப்பிவிட ‘செட் ஆஃப்’: ‘தி ஸ்மோக் செட் ஆஃப் தி அலாரம்.’ துப்பாக்கிக்கு ‘ஃபயர்’. பட்டாசுக்கு ‘செட் ஆஃப்’, பிரிட்டனில் ‘லெட் ஆஃப்’ என்றும் உண்டு. தீபாவளிக் கட்டுரையில் நம் பிள்ளைகள் எழுதும் ‘பர்ஸ்ட் கிராக்கர்ஸ்’ இந்திய ஆங்கிலம். இங்கே யாருக்கும் குழப்பமில்லை, ஆனால் வெளிநாட்டுத் தேர்வில் ‘செட் ஆஃப் ஃபயர்கிராக்கர்ஸ்’ என்று எழுதுவதே பாதுகாப்பு. நமத்துப்போய் வெடிக்காத வெடிக்கு ‘இட் டிடின்ட் கோ ஆஃப்’.

தன்வினை என்பதால் செயப்பாட்டு வினையும் இதற்குக் கிடையாது. ‘தி பாம் வாஸ் கான் ஆஃப்’ என்று எழுதாதீர்கள். ‘தி பாம் வென்ட் ஆஃப்’ அல்லது ‘தி பாம் வாஸ் செட் ஆஃப்’.

பிரிக்கும் விதி அடுத்தது. ‘செட் ஆஃப்’, ‘டர்ன் ஆஃப்’ இரண்டிலும் ‘இட்’, ‘தெம்’ போன்ற சுட்டுப்பெயர் நடுவில்தான் வர வேண்டும்: ‘டர்ன் இட் ஆஃப்’. ‘டர்ன் ஆஃப் இட்’ பிழை. ஆனால் ‘காபி சலித்துவிட்டது’ என்ற பொருளில் வரும் ‘கோ ஆஃப்’பில் தலைகீழ். அங்கே ‘ஆஃப்’ முன்னிடைச் சொல்லாக (பிரிபொசிஷன்) வேலை செய்கிறது, அதனால் ‘ஐ ஹாவ் கான் ஆஃப் இட்’ என்பதே சரி, நடுவில் எதையும் நுழைக்க முடியாது. இந்தப் பொருளுக்கு ஒரு நிபந்தனையும் உண்டு: முன்பு பிடித்திருக்க வேண்டும். பாகற்காயை எப்போதுமே பிடிக்காதவர் ‘ஐ ஹாவ் கான் ஆஃப் பிட்டர் கார்டு’ என்று சொல்ல முடியாது.

மெழுகுவத்தியும் அடுப்புத் தீயும் அணைந்தால் ‘கோ அவுட்’ மட்டுமே. ‘தி கேண்டில் வென்ட் ஆஃப்’ என்பது நம் ஊர் விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பிழை. மின்விளக்குக்கு மட்டும் ‘வென்ட் ஆஃப்’, ‘வென்ட் அவுட்’ இரண்டும் பொருந்தும்.

கடைசியாக, ‘ஆஃப் தி லைட்’, ‘ஆன் தி ஃபேன்’ என்று வினை இல்லாமல் எழுதவே எழுதாதீர்கள். ‘ஆஃப்’ தனி வினையாக வருவது கொச்சையில், அங்கே அதற்கு ஆளைக் கொல்வது என்று பொருள்.

தென்மராட்சி

அணைந்தது, அணைத்தேன் எண்டதுக்கு எங்கட பக்கச் சோடியையும் சேர்க்கலாம். ‘லைட் நூர்ந்து போச்சு’ எண்டா ‘வென்ட் ஆஃப்’. ‘லைட்டை நூர்த்தன்’ எண்டா ‘டர்ன்ட் ஆஃப்’. யாழ்ப்பாணத்துப் பிள்ளையளுக்கு இப்பிடிச் சொன்னா டக்கெண்டு விளங்கும்.

பனங்காட்டான்

‘நூர்ந்து போச்சு’ என்றீர்களே, அந்தப் ‘போச்சு’தான் மிச்ச அர்த்தங்களுக்கு நல்ல திறவுகோல்.

தமிழில் ‘போ’ துணைவினையாக வந்தால் பெரும்பாலும் ஒரு நல்ல நிலை கைவிட்டுப் போனதைச் சொல்லும். பால் திரிஞ்சு போச்சு, சாம்பார் ஊசிப் போச்சு, லைட் அணைஞ்சு போச்சு, காபி சலிச்சுப் போச்சு. இவ்வளவுக்கும் ஆங்கிலம் ‘கோ ஆஃப்’ என்ற ஒன்றையே வைத்துக்கொள்கிறது. நல்ல நிலையை விட்டு விலகிப் போனது, அவ்வளவே. ‘ஹீ வென்ட் ஆஃப் வித் மை அம்ப்ரெல்லா’ என்பதில் ஆளே விலகிப் போகிறார், குடையோடு. தமிழில் ‘எடுத்துக்கிட்டுப் போயிட்டார்’. சொல்லாமல் எடுத்துப் போன தொனி அதில் உண்டு. குடையின் இடத்தில் ஒரு பெண்ணின் பெயரோ ஆணின் பெயரோ வந்தால் பெரும்பாலும் ‘கூட்டிக்கிட்டு ஓடிட்டார்’ என்று ஆகிவிடும்.

‘தி மீட்டிங் வென்ட் ஆஃப் வெல்’ மட்டும் இந்தத் தட்டில் உட்காராது. நடந்து முடிந்தது என்பதே பொருள், எப்படி நடந்தது என்று சொல்லும் சொல் கூடவே வந்தாக வேண்டும்: ‘வெல்’, ‘ஸ்மூத்லி’, ‘வித்தவுட் எ ஹிட்ச்’. அந்தச் சொல் இல்லாமல் ‘தி மீட்டிங் வென்ட் ஆஃப்’ என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும்.

ஓரெழுத்து

சப்டைட்டில் வேலையில் இருப்பவர்களுக்கு இரண்டு குறிப்பு.

அமெரிக்கப் பேச்சில் ‘ஷீ வென்ட் ஆஃப் ஆன் மீ’ என்று வந்தால் ‘என் மேல் எரிந்து விழுந்தாள்’. குண்டு வெடித்த அதே அர்த்தத்தின் நீட்சிதான். அந்த ‘ஆன்’ போய் ‘வித்’ வந்தால் கதையே மாறிவிடும், ஆகவே பின்னால் வரும் சின்னச் சொல்லைக் கேட்காமல் எழுதாதீர்கள். ‘வென்ட் ஆஃப் ஆன் எ டேன்ஜென்ட்’ என்றால் பேச்சு வேறெங்கோ போய்விட்டது. இதற்குப் பிரிட்டனில் ‘அட் எ டேன்ஜென்ட்’.

‘எ லைட் பல்ப் வென்ட் ஆஃப் இன் மை ஹெட்’ என்பதை ‘மூளையில் விளக்கு அணைந்தது’ என்று எழுதினால் காட்சியே கெட்டுவிடும். திடீரென்று உதித்தது, பொறி தட்டியது என்றுதான் அர்த்தம். பனங்காட்டான் சொன்ன விதிப்படி பல்ப் ‘ஆன்’ ஆகத்தானே வேண்டும் என்று ஆங்கிலேயரே இதைக் கேள்வி கேட்பதுண்டு. பழைய கேமரா ஃபிளாஷ் பல்பை நினைத்தால் பொருந்தும்: ஒரே ஒரு முறை பளிச்சென்று எரிந்து தீர்ந்துவிடும் பல்ப் அது.

கூழாங்கல்

எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் இன்னும் இடிக்கிறது. ‘மை போன் வென்ட் ஆஃப் டியூரிங் தி எக்ஸாம்.’ போன் காத்திருப்பதா, ஓடிக்கொண்டிருப்பதா?

அகரமுதல்வி

இரண்டும்தான், அதனால்தான் இடிக்கிறது. ஆனாலும் போனுக்கு ‘வென்ட் ஆஃப்’ என்றால் முதலில் வருவது மணி அடித்தது என்ற பொருளே, தேர்வறை, திரையரங்கு, கூட்டம் என்று அமைதியான இடம் பக்கத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம். சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தால் ‘மை போன் டைடு’ (died) என்பார்கள், நீங்களே அணைத்தால் ‘ஐ ஸ்விட்ச்ட் இட் ஆஃப்’. நீங்கள் எழுதும்போது எந்தச் சந்தேகமும் வராமல் இருக்க ‘ரிங்’கின் இறந்தகாலமான ‘ராங்’ (rang) என்று எழுதிவிடுங்கள். ‘வென்ட் ஆஃப்’பைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும்.

ஆள் வந்தால் தானே எரியும் மாடிப்படி விளக்குக்கும் இதே கவனம் தேவை. அது காத்திருப்பதுதான், ஆனாலும் லைட் லைட்தான். எரிந்தால் ‘கேம் ஆன்’, அணைந்தால் ‘வென்ட் ஆஃப்’.